"எனக்கு வராது அண்ணாச்சி"ன்னு ஒதுங்குத பயிற்சிப் பையன்களை எப்படித் தேத்துறது?

பேட்டை லேத் (கேள்வி):

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

பேட்டையில சின்ன லேத் (கடைசல்) பட்டறை. மூணு சாதா லேத், கம்ப்யூட்டர்ல ஓடுத சி.என்.சி. லேத் ஒண்ணு. ஐ.டி.ஐ. முடிச்ச பையன்கள் நாலு பேர் பயிற்சியில இருக்காங்க. சோம்பேறிப் பயலுவ கிடையாது. முக்கூடல், சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி நேரத்துக்கு வாராங்க, குனிஞ்சு நிமிந்து வேலை பாக்காங்க. ஆனா ரெண்டு பீஸ் அளவு தப்பிட்டுன்னா போதும், "எனக்கு இந்த வேலை வராது அண்ணாச்சி"ன்னு ஒதுங்கிருதாங்க. அதுக்கப்புறம் கம்பி அறுக்கது, பிசிறு எடுக்கதுன்னு சுளுவான வேலையாப் பாத்து நிக்காங்க. டைட்டான ஜாப்புல (அளவு துளி பிசகக் கூடாத வேலையில) கையே வைக்க மாட்டேங்காங்க. பெரிய டர்னர் ஒருத்தர் இருக்காரு, நல்ல கை. அவரும் "இதெல்லாம் பிறவியிலேயே வரணும்லே"ங்காரு. பயலுவ அதை அப்படியே நம்பிட்டாங்க.

வளர்ச்சி மனப்பான்மை (திறமையைப் பழகி வளக்கலாம்ங்கிற நம்பிக்கை) வேணும்னு எல்லாரும் சொல்லுதாங்க. "உன்னால் முடியும்"னு சுவத்துல எழுதி ஒட்டியாச்சு, ஒரு மாத்தமும் இல்ல. வீட்டுலயும் இதே பேச்சுதான். பிளஸ் ஒன் படிக்க மக "கணக்கு எனக்கு ஏறாதுப்பா"ங்கா.

திங்கக்கிழமை காலையில பட்டறையைத் திறந்ததும் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க. ஸ்கிராப் (வீணாப் போற பீஸ்) ரொம்பப் போகாம இருக்கணும், அதையும் மனசுல வச்சுக்கிடுங்க.


கங்கைகொண்டான் டூல்ரூம்:

முதல்ல சுவத்துல ஒட்டினதை எடுத்திருங்க. "உன்னால் முடியும்"ங்கிற எழுத்துக்குக் கீழ நின்னு அளவைத் தப்ப விடுதவனுக்கு, "எல்லாராலயும் முடியுது, என்னாலதான் முடியல"ன்னுதான் தோணும்.

பையனுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: பீஸ் தப்பிட்டு. எதனால தப்பிச்சுன்னு தெரியாது. காரணம் தெரியாத தப்புக்கு மனுஷன் கடைசில தன்னையேதான் காரணமா எடுத்துக்கிடுவான். லேத்துல அளவு தப்புறதுக்கு ஒரு பத்து, பன்னெண்டு காரணத்துக்கு மேல கிடையாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தடம் விட்டுட்டுப் போகும். அந்தத் தடத்தைப் படிக்கக் கத்துக் குடுத்தாப் போதும், "வராது"ங்கிற பேச்சு தானாக் குறையும்.

திங்கக்கிழமை காலையில மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பட்டறையில கிடக்க பழைய பீஸ் பத்து எடுத்து நம்பர் குத்துங்க, எல்லாம் 25 மி.மீ.க்குள்ள இருக்கட்டும். பெரிய டர்னரை அளக்கச் சொல்லி அளவை ஒரு தாள்ல எழுதி உள்ள வச்சிருங்க. பையன்கள் மைக்ரோமீட்டர்ல (மில்லியில நூத்துல ஒண்ணு வரைக்கும் அளக்க கருவி) அளந்து எழுதணும், பக்கத்துலயே "உறுதி" இல்ல "சந்தேகம்"னு போடணும். அப்புறம் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் சரியா 0.50 இருந்தா, ஸ்லீவுல (மைக்ரோமீட்டரோட அசையாத குழல்ல) அரை மில்லிக் கோட்டை விட்டிருக்கான்: 24.62-ஐ 24.12ன்னு படிச்சிருப்பான். பத்து பீஸ்லயும் ஒரே பக்கமா 0.01, 0.02 தள்ளி இருந்தா, அது ஜீரோ பிழை (மூடி வச்சாலும் கருவி ஜீரோ காட்டாதது), பையன் மேல குத்தமே இல்ல. முன்ன பின்ன சிதறிக் கிடந்தா, ராட்செட்டை (அழுத்தம் ஒரே மாதிரி விழ வைக்க நுனித் திருகை) விட்டுட்டுத் திம்பிளை (சுத்துத குழலை) பிடிச்சு முறுக்குதான், இல்லன்னா பீஸ்ல பிசிறு, எண்ணெய் இருக்கு. சரியா 1.00 வித்தியாசம்னா கோடு எண்ணுததுல பிசகு. "சந்தேகம்"னு போட்டது சரியா வந்துட்டுன்னா அதையும் சத்தமாச் சொல்லுங்க. அவனுக்குத் தெரியுதுங்கது அவனுக்கே தெரியாம இருக்கு.

பத்துக்குப் பத்தும் 0.01-க்குள்ள மூணு நாள் தொடர்ந்து வந்த பிறகுதான் அடுத்த வேலை. அளக்கத் தெரியாதவனை வெட்ட விட்டா, தப்பு அளவுலயா வெட்டுலயான்னு யாருக்கும் புரியாது. நெறைய பட்டறையில நடக்க தப்பு இதுதான், நேரா ஜாப்பைக் கையில குடுத்திருதோம்.

அடுத்தது வெட்டுப் பயிற்சி. 25 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) ராடு, நூறு மி.மீ. நீளம். எடை நானூறு கிராம் கூட வராது (விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல வகுத்தா மீட்டருக்குக் கிலோ, கணக்குப் போட்டுப் பாருங்க). சக்குக்கு (பீஸைக் கவ்விப் பிடிக்க பாகம்) வெளிய 40 மி.மீ. நீட்டிப் பிடிச்சு, முதல்ல 24.00, அப்புறம் 23.00, இப்படியே 14 வரைக்கும் எறங்கிப் போகலாம். ஒரு துண்டுல பதினோரு முயற்சி. ஸ்கிராப் கவலைக்கு இதுதான் பதில். இருக்க துண்டுக் கம்பியே போதும்.

ஒவ்வொரு முயற்சியிலயும் கடைசி ரெண்டு கட்டுக்கு (கட்டுன்னா ஒரு தடவை வெட்டுறது) முன்னாடி நிறுத்தி, "இந்தக் கட்டுக்கு அப்புறம் அளவு என்ன இருக்கும்"னு எழுதணும். வெட்டினதும் அளந்து உண்மையான அளவை அதுக்குப் பக்கத்துல எழுதணும். இந்த ரெண்டு எண்ணும்தான் வாத்தியார். எதிர்பார்த்ததுக்கு ரெட்டிப்பாக் கொறைஞ்சிருந்தா, கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்க நகத்துத பாகம்) டயல் ஆரத்துல ஓடுது, பையன் விட்டம்னு நெனச்சுச் சுத்திருக்கான். ஐ.டி.ஐ. லேத்துல ஒரு மாதிரி இருக்கும், உங்க லேத்துல வேற மாதிரி இருக்கும். மூணு மெஷின்லயும் டயல் பக்கத்துல பெயின்ட்டுல எழுதி வச்சிருங்க. வெட்டு கொறைவா இருந்தா பேக்லாஷ்: கைப்பிடியை வெளிய இழுத்துட்டு உள்ள விடும்போது லொடலொடப்பு தீராமலே டயலைக் கணக்குப் பண்ணிருக்கான். அளவுக்கு மேல சுத்திட்டா லேசாத் திருப்பினாப் பத்தாது, அரைச் சுத்து பின்ன வந்து மறுபடி முன்ன போகணும். கடைசிக் கட்டுக்கு 20, 30 மைக்ரான் (மைக்ரான்னா மில்லியில ஆயிரத்துல ஒண்ணு) மட்டும் மிச்சம் வச்சா கார்பைடு டூல் வெட்டாது, உரசும், விட்டத்துல 0.3 மி.மீ.யாவது விட்டு வைக்கணும். மெஷின்ல சரியா இருந்த பீஸ் மேசைக்கு வந்ததும் சிறுத்திருந்தா, சூட்டோட அளந்திருக்கான். 50 மி.மீ. விட்டத்து இரும்பு 40 டிகிரி கூடுதலாச் சூடா இருந்தா இருபது மைக்ரானுக்கு மேலயே விரிஞ்சிருக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ இது தினமும் நடக்கும். நீளமான பீஸ்ல டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்ப்பக்கம் தாங்குத பாகம்) பக்கம் பெருத்திருந்தா, சென்டர் (தாங்குத கூர்முனை) குடுக்காம விட்டிருக்கான், இல்ல டெயில்ஸ்டாக் நேர்ல இல்ல.

டாலரன்ஸை (அளவு எவ்வளவு விலகலாம்ங்கதை) ±0.10-ல ஆரம்பிங்க. அஞ்சுக்கு நாலு உள்ள விழுந்தா ±0.05, அப்புறம் ±0.03, அப்புறம் ±0.02. அஞ்சுக்கு ரெண்டுதான் தேறுதுன்னா ஒரு படி கீழ வாங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. சிலருக்கு ரெண்டு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம் ஆகும். நாலு பேரையும் ஒண்ணா ஓட விட்டு யாரு முந்துதான்னு பாக்காதீங்க. அவனவன் போன வாரத் தாளை அவனவன் பாக்கட்டும்.

இதுக்கு ஒரு நோட்டு வேணும். டிராயிங் அளவு, வந்த அளவு, எங்க பிசகிச்சு, அடுத்த பீஸ்ல மாத்தப் போறது என்ன: இவ்வளவுதான் எழுதணும். "எங்க பிசகிச்சு"ங்கிற இடத்துல "கவனக்குறைவு"ன்னு எழுத விடவே கூடாது. அதை வச்சு அடுத்த பீஸ்ல எதையும் மாத்த முடியாது. "சூட்டோட அளந்தேன்"னு எழுதினா, அடுத்த பீஸைக் கூலன்ட்டுல நனைச்சுத் தொடச்சுட்டு அளப்பான்.

சி.என்.சி.க்கும் இதே முறைதான். விட்டக் கணக்குல புரோகிராம் போட்ட மெஷின்ல 0.04 கூட வந்தா, எக்ஸ் வேர் ஆஃப்செட்டுல (டூல் தேய்மானத்துக்கு விட்டத் திசையில போடுத திருத்த எண்) மைனஸ் 0.04 கூட்டணும். குறியை மாத்திப் போட்டா அடுத்த பீஸ் 0.08 கூட வரும். 0.08-ஐப் பாத்ததும் "குறி மாறிட்டு"ன்னு பையனே சொல்லணும். அப்படிச் சொல்லிட்டான்னா அவனுக்கு வேலை பிடிபட்டுட்டு.


பாளை கணக்கு டீச்சர்:

மகளைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

"கணக்கு ஏறாது" என்பது ரொம்பப் பெரிய வாக்கியம். அதைச் சின்னதாக உடைக்க வேண்டும். கடைசியாகத் திருத்தி வந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவளோடு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அவளே எழுதட்டும்: கேள்வி புரியவில்லையா, எந்த வழி என்று தெரியவில்லையா, சூத்திரம் மறந்துவிட்டதா, கூட்டல் கழித்தலில் பிசகா. முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பிளஸ் ஒன்னில் முக்கோணவியல் வராது என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு முக்கோணவியலில் குறை இருக்காது. பின்னத்தைச் சுருக்குவதிலும் மைனஸ் குறியிலும்தான் கை தடுமாறும். அது ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடம். அதற்கு ட்யூஷன் வேண்டாம். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, தினம் பன்னிரண்டு நிமிடம், இரண்டு வாரம். "இந்த வயசில் ஏழாம் வகுப்புக் கணக்கா" என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒன்றுதான் உங்கள் பங்கு.

படிக்கும் முறையையும் கவனியுங்கள். தீர்த்த கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தெரிந்த மாதிரியே இருக்கும், பரீட்சையில் வராது. அப்போதுதான் "எனக்கு மூளை இல்லை" என்று நினைக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் உரைப்பகுதியைப் படிக்க வைத்துச் செய்த சோதனையில், மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள் (81-க்கு 75 விழுக்காடு). ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, மறுபடி படித்தவர்களுக்கு 42. ஆகவே தப்பான கணக்கை விடையைப் பார்த்துப் புரிந்துகொண்டதும் விட்டுவிடக் கூடாது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். தேதியைக் கணக்கின் ஓரத்திலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

சிக்கிக்கொண்டால் பத்து நிமிடம் போராடலாம். அதற்கு மேல் முட்டி மோத வேண்டாம். தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி, அங்கிருந்து தானே தொடர வேண்டும். இன்னொன்று: பயிற்சி 3.4-இல் இருக்கிற கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடும், கேள்வித்தாள் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பாடங்களிலிருந்து இரண்டிரண்டாக ஆறு கணக்கைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுக்கட்டும்.


மானூர் உளவியல்:

மேலே இருவரும் சொன்னது சரியான வழி. நான் ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வளர்ச்சி மனப்பான்மை" என்ற சொல்லை வைத்து அளவுக்கு மீறி வாக்குறுதி தருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

இந்தக் கருத்தை முன்வைத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேரல் டுவெக். திறமை என்பது பிறவியில் வாய்த்த மாறாத அளவு என்று நம்புகிறவர் தோல்வியை ஒரு விதமாகவும், வளர்க்கக்கூடியது என்று நம்புகிறவர் வேறு விதமாகவும் எடுத்துக்கொள்கிறார் என்பது அடிப்படை. 1998-இல் மியூல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து எளிதான வேலையையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிர்களில் தோற்ற பிறகு அவர்கள் செயல்பாடு சரிந்தது. தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உங்கள் பையன்கள் பிசிறு எடுக்கிற வேலைக்கு ஒதுங்குவது இதே நடத்தை.

ஆனால் மனப்பான்மையைப் பற்றி வகுப்பெடுத்தாலே எல்லாம் மாறிவிடும் என்பது உண்மை இல்லை. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய பயிற்சிகள் படிப்பில் தந்த சராசரி விளைவு 0.08 திட்ட விலக்கம்தான், மிகச் சிறியது. 2019-இல் அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு, நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது. கூடப் படிக்கிறவர்கள் கடினமான வேலையை எடுத்துச் செய்வதை மதிக்கிற பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. சூழல் ஒத்துழைக்காத இடத்தில் நம்பிக்கை மட்டும் தனியாக நிற்காது என்று அதைப் படிக்கிறேன்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி: பீஸ் வீணானால் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம் உண்டா? உண்டென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். தப்பைச் சொன்னால் காசு போகும் என்கிற இடத்தில் எந்தப் பையனும் நோட்டில் உண்மையை எழுத மாட்டான். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் எழுதியது இங்கே பொருந்தும்: நன்றாக வேலை செய்கிற குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம் இருந்தன. அவர்கள் கூடுதலாகத் தப்புச் செய்யவில்லை, மறைக்காமல் சொன்னார்கள். அடுத்த மெஷினுக்குப் போகும் முன் சொல்லப்பட்ட தப்புக்குத் தண்டனை இல்லை, மறைத்தால் மட்டும் கண்டிப்பு என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். காலை அரை மணி நேரம் கற்கும் நேரம், அதில் தப்பலாம். அதற்குப் பிறகு உற்பத்தி நேரம், அதில் சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். இந்த எல்லை தெளிவாக இல்லாவிட்டால் நாள் முழுவதும் பயத்திலேயே போகும்.

பாராட்டும் விதமும் முக்கியம். "கெட்டிக்காரன்லே நீ" என்பதைவிட, "கடைசிக் கட்டுக்கு முன்னாடி நிறுத்தி ஆற வச்சு அளந்த பாரு, அதான் அளவுல நின்னுது" என்பது அவனுக்கு நாளைக்கும் உதவும். அதே சமயம், முறை தப்பாக இருக்கும்போது "நல்லாத்தான் முயற்சி பண்ணினே" என்று சொல்வது ஆறுதல் மட்டுமே. முயற்சியைப் புகழ்வதே வளர்ச்சி மனப்பான்மை என்று சுருக்கிவிடுவதை டுவெக்கே கண்டித்திருக்கிறார். குறை சொல்வதிலும் பார்வை வேலையின் மேல் இருக்கட்டும். குளூகரும் டினிசியும் 1996-இல் தொகுத்த ஆய்வுகளில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டம் செயல்பாட்டைக் கெடுத்தே இருந்தது. கவனம் வேலையிலிருந்து ஆளின் மேல் திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம்.


அம்பை பயிற்றுநர்:

ரெண்டே விஷயம். நாலு பேரையும் ஒருதடவை கண் பரிசோதனைக்கு அனுப்புங்க. திம்பிள் கோடு சரியாத் தெரியாத பையன் அதை வெளிய சொல்ல மாட்டான், "வராது"ன்னுதான் சொல்லுவான். அளக்குற மேசைக்கு மேல தனியா ஒரு விளக்கும் போடுங்க. கோட்டைச் சாய்ஞ்சு பாத்தா ஒரு கோடு மாறித் தெரியும்.

அடுத்தது மொழி. தமிழ் வழியில படிச்ச பையனுக்கு டிராயிங்ல இருக்க சாம்ஃபர், அண்டர்கட், ரன்அவுட் எல்லாம் வெறும் எழுத்து. உங்க ஜாப்புகள்ல திரும்பத் திரும்ப வர்ற சொல்லும் குறியீடும் நாப்பதுக்குள்ளதான் இருக்கும். தினம் அஞ்சு, பீஸைக் கையில குடுத்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்க. சி.என்.சி. அலாரம் வந்தா அப்படியே பாத்து எழுதி, பக்கத்துல தமிழ்ல அர்த்தமும் என்ன செஞ்சு சரியாச்சுங்கதும் எழுதட்டும்.


பேட்டை லேத்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மானூர் சார் கேட்டதுக்கு ஒளிக்காமச் சொல்லுதேன், ஸ்கிராப்புக்குப் பிடிக்க வழக்கம் இருந்துது. இந்த மாசத்திலிருந்து நிறுத்திருதேன். டீச்சர் சொன்ன மாதிரி விடைத்தாளை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்.

பெரிய டர்னர்தான் யோசனையா இருக்கு. வயசுல மூத்தவரு, முகம் கோணாமச் சொல்லணும். அவரு "பிறவியில வரணும்"னு சொல்லுத வரைக்கும் நோட்டு எழுதி என்ன பிரயோஜனம்?


கங்கைகொண்டான் டூல்ரூம்:

அவரைத் திருத்தப் போகாதீங்க, கூட இழுத்துக்கிடுங்க. இத்தன வருஷம் பழகின கைக்கு, தான் என்ன செய்யுதோம்னே தெரியாது. அதனாலதான் பிறவின்னு நெனைக்காரு. வாரத்துக்கு ஒருநாள், ஒரு டைட்டான ஜாப்பை அவரு செய்யும்போது பையன்கள் பக்கத்துல நின்னு எண்ணட்டும்: எத்தன தடவை மெஷினை நிறுத்தினாரு, எப்ப அளந்தாரு, எப்ப டூலை மாத்தினாரு, எந்தச் சத்தம் கேட்டதும் ஸ்பீடைக் கொறச்சாரு. முடிஞ்சதும் "அண்ணாச்சி, அந்த எடத்துல ஏன் நிறுத்தினீங்க?"ன்னு ஒவ்வொருத்தனும் ஒரு கேள்வி கேக்கணும். அவரு யோசிச்சுப் பதில் சொல்லுவாரு. "சத்தம் மாறிச்சுலே, டூல் முனை போயிட்டு"ன்னு அவரு வாயிலிருந்து வந்தா, அது நம்ம நோட்டுல ஒரு வரி.

நோட்டைத் திருத்துத பொறுப்பையும் அவருக்கே குடுங்க. சாயங்காலம் பத்து நிமிஷம். "யாரு தப்பினது"ன்னு கேக்க வேண்டாம், "எந்த வகைத் தப்பு"ன்னு மட்டும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. அதுல அவருக்கு மரியாதையும் இருக்கு. ஒரே வகைத் தப்பு ஒரு வாரத்துல ஆறேழு தடவை வந்துட்டுன்னா அது பையனோட தப்பே இல்ல. சக், டெயில்ஸ்டாக், மைக்ரோமீட்டர் மூணையும் அவரைப் பாக்கச் சொல்லுங்க.

மைக்ரோமீட்டரைப் பத்தி ஒண்ணு விட்டுப் போச்சு. 0-25 மி.மீ. அளக்க மைக்ரோமீட்டருக்கு ரெண்டு முகத்தையும் சுத்தமான தாளை வச்சு இழுத்துத் தொடச்சுட்டு, மூடி ஜீரோ பாத்தாப் போதும். 25-50க்கு அப்படிப் பாக்க முடியாது, பெட்டியோட வர்ற 25 மி.மீ. ராடை வச்சுத்தான் பாக்கணும். அந்த ராடு பெட்டியில இருக்கான்னு இன்னைக்கே பாத்துருங்க, முக்காவாசிப் பட்டறையில தொலைஞ்சு போயிருக்கும்.